கார் ஷெட்டில் பளு தூக்குவது எப்படி: செயின் பிளாக், இன்ஜின் கிரேன், ஜாக்கி – முழுமையான வழிகாட்டி

ஒரு டன் செயின் பிளாக்கின் (கையால் சங்கிலியை இழுத்துப் பளு தூக்கும் கருவி) சொந்த எடை பத்துப் பன்னிரண்டு கிலோதான். ஒரு கையில் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆனால் அதன் மேல் பொறித்திருக்கும் ‘1 டன்’ என்பது அந்தக் கருவிக்கு மட்டுமே பொருந்தும். அதை மாட்டியிருக்கும் பீம், பீம் உட்கார்ந்திருக்கும் சுவர், சுவருக்கு அடியில் உள்ள தரை, பொருளைச் சுற்றிய பெல்ட் ஆகியவற்றில் எது பலவீனமோ அதுதான் உங்கள் ஷெட்டின் உண்மையான திறன். அதனால் எதையும் தூக்குவதற்கு முன் ஒரு பழக்கம் வேண்டும். பொருளின் எடை எந்த வழியாகப் போய்த் தரையில் இறங்குகிறது என்பதைக் கொக்கியிலிருந்து மண் வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான்.

வீட்டு ஷெட்டில் பழைய பைக்கையோ ஜீப்பையோ புதுப்பிப்பவர்கள், செகண்ட் ஹேண்டில் சின்ன லேத் வாங்கி இறக்குபவர்கள், கியர்பாக்ஸ், மோட்டார், பேட்டரி என்று அடிக்கடி எடையோடு மல்லுக்கட்டுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். அரை டன் வரைக்குமான வேலைகள் இவை. அதற்கு மேல் போனால் மெஷின் ஷிஃப்டிங் செய்யும் ஆட்களைக் கூப்பிடுங்கள். அது அவர்களுடைய தொழில்.

படி 1: எடையைக் கணக்குப் போடுங்கள்

“நாலு பேர் பிடித்தால் வந்துவிடும்” என்பது எடை அல்ல. மெஷினில் பெயர்த் தகடு இருந்தால் எடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும், இல்லாவிட்டால் மேனுவலில் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் டேப் எடுத்து அளவு பிடித்துப் பெருக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் அளவுள்ள இரும்பு 7.85 கிலோ, வார்ப்பிரும்பு சுமார் 7.2 கிலோ, கருங்கல் சுமார் 2.7 கிலோ. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 10 மி.மீ. தடிமனில் 78.5 கிலோ வரும். இரண்டடிக்கு இரண்டடி, ஓரடி உயரமுள்ள கருங்கல் பார்வைக்குச் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் முந்நூறு கிலோ. தண்ணீர் நிரம்பிய 200 லிட்டர் டிரம், தகர எடையையும் சேர்த்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 நிற்கிற எடை 195 கிலோ. வீடுகளில் வைக்கும் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி 50 முதல் 60 கிலோ வரை இருக்கும்.

அந்தப் பேட்டரியைத் தனியாளாகத் தூக்கி ஸ்டாண்டில் வைப்பவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய சூத்திரம், பிடிமானமும் உயரமும் தூரமும் எல்லாம் சாதகமாக அமைந்தால்கூட, கையால் தூக்க 23 கிலோவைத்தான் வரம்பாக வைக்கிறது. இடுப்பு ஒருமுறை பிடித்துக்கொண்டால் அது ஆயுளுக்கும் கூடவே வரும். 25 கிலோவைத் தாண்டிய எதற்கும் கருவியைத் தேடுவது சோம்பேறித்தனம் இல்லை.

கணக்கில் வந்த எடையைப் போல இரண்டு மடங்கு திறனுள்ள கருவியைத்தான் நான் எடுப்பேன். கணக்கில் பிசகு வரலாம், தூக்கும்போது ஒரு வெட்டு இழுப்பு வரலாம். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

படி 2: தூக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள்

ஷெட்டுக்குள் நடக்கும் வேலைகளில் பாதிக்கு மேல் நகர்த்தல்தான், தூக்கல் அல்ல. ஒரு லேத்தை வாசலிலிருந்து சுவர் ஓரத்துக்குக் கொண்டுபோக அதை ஓர் அங்குலம் உயர்த்தினால் போதும். கடப்பாரையை ஒரு ஓரத்தில் கொடுத்து நெம்பி, கீழே பலகைத் துண்டு வைத்து, மறு ஓரத்திலும் அதையே செய்து, அடியில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்புகளை உருளைகளாகப் போடுங்கள். எப்போதும் மூன்று உருளைகள் மெஷினுக்கு அடியில் இருக்க வேண்டும். பின்னால் விடுபடுவதை எடுத்து முன்னால் போடுவதற்காக நாலாவது, ஐந்தாவது. பைப்பைத் திருத்தும்போது விரலால் பிடிக்காதீர்கள், சுத்தியலால் தட்டித் திருப்புங்கள்.

உயரம் குறையக் குறைய ஆபத்தும் குறையும். ஓர் அங்குல உயரத்தில் பிசகினால் பலகை நசுங்கும், நாலடி உயரத்தில் பிசகினால் ஆள். ஷெட்டின் வாசலில் கார் ஏறச் சரிவு போட்டிருப்பார்கள், அங்கே மட்டும் உருளைகள் நமக்கு எதிரி. பின்பக்கம் ஒரு லீவர் பிளாக்கால் (கைப்பிடியை ஆட்டிச் சங்கிலியை இழுக்கும் கருவி) கட்டிப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டுத்தான் இறக்க வேண்டும்.

பில்லர் டிரில்லிங் மெஷின் போல மேல்பாகம் கனத்தவை உருளையில் ஆடும். அவற்றின் மேஜையையும் ஹெட்டையும் முடிந்தவரை கீழே இறக்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் படுக்க வைத்தே நகர்த்துங்கள்.

படி 3: தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

நம் ஊர் வீடுகளில் இதை மறக்கவே கூடாது. கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்கு அடியில்தான் பெரும்பாலும் தண்ணீர்ச் சம்ப் இருக்கும், சில வீடுகளில் செப்டிக் டேங்கும் அங்கேயே. காரின் எடை நாலு டயரில் பரவிப் போகிறது. ஜாக்கியோ, கிரேனின் சின்ன இரும்புச் சக்கரமோ அதே எடையை உள்ளங்கை அளவு இடத்தில் ஊன்றும். சம்ப் மூடியின் மேல் கிரேன் சக்கரம் ஏறுவது கூடவே கூடாது. சம்பின் எல்லையைச் சாக்பீஸால் தரையில் வரைந்துகொண்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டியவரிடமோ பிளானிலோ எல்லை தெரியவில்லையென்றால், மூடியைத் திறந்து உள்ளே டேப் விட்டு நாலு பக்கமும் அளந்துவிடலாம்.

பார்க்கிங் டைல்ஸ் போட்ட தரையில் அடி வெற்றாக இருந்தால் டைல்ஸ் விரியும். பேவர் பிளாக் தரையில் சக்கரம் இடுக்கில் சிக்கி நிற்கும். தூக்கிய பொருளோடு நகரும்போது அப்படி நின்றால் பொருள் ஊசலாடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: 18 மி.மீ. பிளைவுட் பலகைகளைப் பாதை முழுக்க விரித்துவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் 6 மி.மீ. இரும்புத் தகடு வையுங்கள்.

படி 4: எதில் மாட்டப் போகிறீர்கள்?

கருவி வாங்குவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் வாங்கிய பிறகுதான் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறார்கள்.

அங்கே முதலில் கண்ணில் படுவது ஃபேன் கொக்கி. அது ஃபேனுக்கானது, அவ்வளவுதான். ஆள் ஏறக்கூடிய மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. அதுவும் தளம் முழுக்கச் சீராகப் பரவிய எடை. ஒரே புள்ளியில் கீழ்நோக்கி இழுக்கும் 300 கிலோ அந்தக் கணக்கிலேயே வராது. “ஆங்கர் போல்ட் அடித்துக்கொள்கிறேன்” என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. ஆர்.சி.சி. தளத்தின் நடுப்பகுதியில் அடிப்பக்கம் எப்போதும் இழுபடும் பக்கம். நுண்ணிய வெடிப்புகள் வருவதும் அங்கேதான். விரிந்து இறுக்கிப் பிடிக்கும் ஆங்கருக்கு அந்த வெடிப்பு பிடியை விட்டுவிடும் இடம். கடற்கரை ஊர்களில், உள்கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் பெயர்ந்து நிற்கும் பழைய தளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்பக்கம் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் போர்ட்டிகோ தளத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

ஷீட் கூரை ஷெட்டா? அதன் கூரைச் சட்டமான டிரஸ், ஷீட்டையும் காற்றையும் தாங்கப் போட்டது. சதுர பைப் டிரஸ்ஸில் செயின் பிளாக்கைச் சுற்றினால் பைப் சுவர் நசுங்கும், வெல்டிங் விடும்.

உருப்படியான வழிகள் மூன்று.

முதலாவது, சுவருக்குச் சுவர் போடும் ஐ-பீம். ஷெட்டின் அகலம் 3 மீட்டர், தூக்கப்போவது 500 கிலோ என்று வையுங்கள். வெட்டு இழுப்புக்காக 25 சதவீதம் கூட்டினால் 625 கிலோ. அது பீமின் நடுவில் தொங்கும்போது உண்டாகும் வளைவு விசையை 125 மி.மீ. உயர ஐ.எஸ்.எம்.பி. (இந்தியத் தரநிலையின் நடுத்தர எடை ஐ-பீம்) பீம் நாலு மில்லிமீட்டருக்குள் வளைந்து தாங்கும். நான் 150 மி.மீ. பீமைத்தான் சொல்வேன். மீட்டருக்குச் சுமார் 15 கிலோதான், விலை வித்தியாசம் பெரிதல்ல, மனம் நிம்மதியாக இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில், செங்கல் மேல் நேரடியாக அல்லாமல், கான்கிரீட் பெட் போட்டு அதன் மேல் உட்கார வையுங்கள். பொருள் நடுவில் தொங்கும்போது இரு சுவரும் பாதிப் பாதி சுமக்கும், செயின் பிளாக்கைச் சுமந்து பீமில் உருளும் டிராலியை ஓரத்துக்குத் தள்ளினால் ஏறத்தாழ முழு எடையும் ஒரே சுவரில் இறங்கும். அதனால் இரண்டு சுவருமே முழு எடைக்குத் தயாராக இருக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரும் ஹாலோ பிளாக் சுவரும் இதற்கு ஆகாது. பீமின் இரு முனையிலும் டிராலி கழன்று ஓடாமல் இருக்கத் தடுப்பு வெல்டிங் செய்யுங்கள். இந்தக் கணக்கை உங்கள் சுவரைப் பார்த்து ஒரு சிவில் இன்ஜினியர் சரி என்று சொன்ன பிறகே பீமை ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, தானே நிற்கும் கேன்ட்ரி: இரு பக்கமும் ஏ வடிவக் கால்கள், மேலே பீம், கீழே பூட்டக்கூடிய சக்கரங்கள். சுவரையும் கூரையையும் நம்ப வேண்டியதில்லை, வாடகை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொருள் தொங்கும்போது அதை உருட்டக்கூடாது. பொருள் பீமின் டிராலியில் நகரட்டும், கால்கள் அசையக்கூடாது.

மூன்றாவது, முக்காலி. போர்வெல் மோட்டார் கழற்ற வருபவர்கள் மூன்று பைப் நிறுத்திச் செயின் பிளாக் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நேராகத் தூக்கி நேராக இறக்கும் வேலைக்கு மிக நல்லது. மூன்று கால்களின் அடியையும் ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எடை ஏற ஏறக் கால் விரியும். பக்கவாட்டு இழுப்பு ஒரு சாண்கூட அதற்கு ஆகாது.

படி 5: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மேலே பீம் இல்லாதவர்களுக்கு, அதாவது பெரும்பாலான வீடுகளுக்கு, முதல் கருவியாக மடக்கும் இன்ஜின் கிரேனைத்தான் பரிந்துரைப்பேன். ஹைட்ராலிக் ஜாக்கி ஒரு நீண்ட கையை உயர்த்தும், கால்கள் முன்னால் நீட்டி நிற்கும், வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் நிறுத்திவிடலாம். வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று: ‘2 டன்’ கிரேன் என்றால் கை உள்ளே இழுக்கப்பட்ட நிலையில்தான் 2 டன். கையை முழுவதும் நீட்டினால் அதே கிரேன் பொதுவாக 500 கிலோவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு துளைக்கும் நேராக எவ்வளவு என்று கையிலேயே எழுதியிருக்கும்; அந்த எழுத்து இல்லாத கிரேனை வாங்காதீர்கள். இன்னொரு நிபந்தனை, அதன் கால்கள் பொருளுக்கு அடியில் நுழைய வேண்டும். தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் அடித்தளமுள்ள மெஷினை அது எட்டாது. குட்டியானை (டாடா ஏஸ்) வண்டியிலிருந்து இறக்குவதற்கு வசதியானது, கால்கள் வண்டிக்கு அடியில் போய்விடும். கிரேனின் கொக்கி வண்டியின் பலகை மேலுள்ள பொருளின் தலைக்கு மேல் எட்டுமா என்று மட்டும் முன்னதாக அளந்துகொள்ளுங்கள்.

செயின் பிளாக், பீம் உள்ளவர்களுக்கு வாழ்நாள் கருவி. உள்ளே பல்சக்கரங்களும், எடையே தன்னைத்தானே இறுக்கிப் பிடிக்கும் பிரேக்கும் இருப்பதால், சங்கிலியை விட்டுவிட்டாலும் பொருள் அந்த உயரத்திலேயே நிற்கும். முழு ஒரு டன்னைத் தூக்கக் கையில் சுமார் 30 கிலோ இழுப்புதான் தேவைப்படும். அதற்கு விலை தூரம்: பொருள் ஒரு மீட்டர் ஏற, கைச்சங்கிலியைச் சுமார் 40 மீட்டர் இழுக்க வேண்டும். இந்த மெதுவான வேகம்தான் அதன் பெரிய நற்குணம் என்பேன், மில்லிமீட்டர் கணக்கில் இறக்கிப் போல்ட் துளையில் பொருத்தலாம். ஒரு விதியை மட்டும் மனதில் எழுதி வையுங்கள்: ஒரே ஆள் இழுத்து வரவில்லையென்றால் எடை அதிகம் என்று பொருள். இன்னொருவரைக் கூட்டி இழுப்பது பிளாக்கை உடைக்கும் வழி. வாங்கும்போது ஐ.எஸ். 3832 முத்திரை இருக்கிறதா, இரு கொக்கிகளிலும் பெல்ட் நழுவாமல் தடுக்கும் லாட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். உயரத்தையும் முன்கூட்டிக் கணக்கிடுங்கள். பீமின் அடிப்பகுதி தரையிலிருந்து 2,700 மி.மீ., பிளாக் தானே எடுத்துக்கொள்ளும் உயரம் சுமார் 300, பெல்ட்டுக்கு 500 போனால், பொருளின் உச்சி 1,900 மி.மீ. உயரத்துக்கு மேல் போகாது.

லீவர் பிளாக் அதன் தம்பி. குறுக்காக, சாய்வாக, எந்தத் திசையிலும் இழுக்கும். நகர்த்தவும் கட்டிப் பிடிக்கவும் இதைவிட நல்லது இல்லை.

மின்சாரத்தில் ஓடும் சின்ன ஹாயிஸ்ட்டுகள் ஆசை காட்டும். ‘250/500’ என்று எழுதியிருந்தால், ஒற்றைக் கம்பியில் 250 கிலோ, கப்பி போட்டு இரட்டையாக்கினால்தான் 500. அப்போது வேகமும் ஏறும் உயரமும் பாதியாகிவிடும். தொடர்ந்து ஓட்ட முடியாத மோட்டார்கள் இவை, இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பொருள் அந்தரத்தில் நிற்கும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் மாட்டாதீர்கள். அடிக்கடி, லேசான எடைகளைத் தூக்குபவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

பேட்டரி, பைக் இன்ஜின், கியர்பாக்ஸ் ஆகியவற்றோடு நின்றுவிடுபவர்களுக்கு மேலிருந்து தூக்குவதே தேவையில்லை. காலால் மிதித்தால் உயரும் சிசர் லிஃப்ட் டேபிள், 150 அல்லது 300 கிலோ திறனில் ஒன்று போதும். தரையில் இருப்பதை அதன் மேல் சரித்து ஏற்றி, மேஜை உயரத்துக்கு உயர்த்தி, அப்படியே பெஞ்சுக்கு நகர்த்திவிடலாம்.

டிராலி ஜாக்கி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அது உயர்த்தும் கருவி மட்டுமே, தாங்கும் கருவி அல்ல. சீல் ஒன்று விட்டால் எண்ணெய் வழிந்து கார் இறங்கிவிடும். உயர்த்திய உடனே ஜாக்கி ஸ்டாண்டு, மறுபக்கச் சக்கரங்களுக்குக் கட்டை. செங்கல், ஹாலோ பிளாக் மேல் காரை நிறுத்துவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள், அவை வளையாது, முன்னறிவிப்பு தராது, சட்டென்று நொறுங்கும். மரக்கட்டை நசுங்கும்போது சத்தம் தரும், ஓடி வர நேரம் இருக்கும்.

ஒரே ஒரு முறை தேவைப்படுகிறது என்றால் வாங்கவே வேண்டாம். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகள் சிலவற்றில் செயின் பிளாக்கும் கிடைக்கும். எடுத்தவுடன் கொக்கி விரிந்திருக்கிறதா, பிரேக் நிற்கிறதா என்று அங்கேயே சோதித்து வாங்குங்கள்.

படி 6: பொருளைக் கட்டுவது

பாலியெஸ்டர் பெல்ட்டுகளுக்கு உலகம் முழுக்கப் பரவிய ஒரு வண்ண முறை உண்டு: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். பெல்ட்டைப் பொருளைச் சுற்றிச் சுருக்குப் போட்டால் அதன் திறன் 80 சதவீதமாகக் குறையும்.

கோணம் அதைவிட முக்கியம். இரண்டு பெல்ட்டுகள் ஒரே கொக்கிக்குப் போகும்போது, தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றும் மொத்த எடையில் 58 சதவீதம் தாங்கும். 45 டிகிரியில் 71 சதவீதம். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டுமே முழு எடையையும் சுமக்கும். உயரம் போதாமல் பெல்ட்டைக் குட்டையாகக் கட்டும்போதுதான் இது நடக்கிறது. இரு பெல்ட்டும் பொருளின் மேற்பரப்பும் சேர்ந்து சமபக்க முக்கோணம் போலத் தெரிந்தால் 60 டிகிரி என்று கொள்ளலாம். அதைவிடத் தட்டையாக விடாதீர்கள்.

மெஷினில் ஐ-போல்ட் (தலையில் வளையமுள்ள போல்ட்) இருந்தால் நேராக மேல்நோக்கி இழுங்கள். 45 டிகிரி சாய்வில் இழுத்தால் அதன் திறன் கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கூரான விளிம்பில் பெல்ட் உராயும் இடத்தில் பழைய டயர் டியூபையோ தடித்த கோணியையோ மடித்து வையுங்கள். ஷாக்கிளுக்கு (பெல்ட்டைக் கொக்கியோடு இணைக்கும் U வடிவ இரும்பு வளையம்) அதோடு வந்த குறுக்கு முளையை மட்டுமே போட வேண்டும். தொலைந்துபோனால் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் போடக்கூடாது. கிணற்றுக் கயிறு, பைக் செயின், துணி கட்டும் நைலான் எதுவும் இந்த வேலைக்கு இல்லை.

எடை மையம் எப்போதும் கொக்கிக்கு நேர் கீழே வந்து நிற்கப் பார்க்கும். லேத்தில், சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். நகரும் பாகங்களான டெயில்ஸ்டாக்கையும் கேரியேஜையும் மறுகோடிக்குத் தள்ளி இறுக்கிவிட்டால் சமநிலை கொஞ்சம் நடுவுக்கு வரும். லேத்தின் முன்பக்கம் நீளமாக ஓடும் தண்டுகளான லீட் ஸ்க்ரூவிலும் ஃபீட் ராடிலும் பெல்ட் அழுந்தக்கூடாது, வளைந்துவிட்டால் லேத்தின் துல்லியமே போய்விடும்.

படி 7: தூக்குவது

1. பாதையைக் காலி செய்யுங்கள். குழந்தைகள், நாய், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டார் எல்லோரும் கேட்டுக்கு வெளியே.

2. ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். “நிறுத்து” என்பதை மட்டும் யார் சொன்னாலும் நிற்க வேண்டும்.

3. பெல்ட் இறுகும் வரை மெதுவாக இழுங்கள். கொக்கி பொருளின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று இரண்டு திசையிலிருந்தும் பாருங்கள். சாய்வாக இருந்தால் பொருள் தரையை விட்டவுடன் ஊசல் போலப் பாயும்.

4. இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். சில நிமிடம் அப்படியே விட்டு, பீம், சுவர் ஓரம், பெல்ட், பிரேக் எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள். பொருள் மெல்ல இறங்கினாலோ ஒரு பக்கம் சரிந்தாலோ இறக்கி மறுபடி கட்டுங்கள். தொங்கும்போது பெல்ட்டைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

5. ஏற ஏற அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வாருங்கள். கட்டையை ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள், கை உள்ளே போகக்கூடாது.

6. இன்ஜின் கிரேனில் நகர்த்தும்போது பொருளை முடிந்தவரை தாழ்வாக இறக்கிக்கொண்டு, தள்ளுங்கள். பொருளைப் பிடித்து இழுக்காதீர்கள். கிரேனின் உடம்பைப் பிடித்துத் தள்ளுங்கள்.

7. விழத் தொடங்கினால் விழட்டும். பிடிக்கப் போகாதீர்கள். மெஷினை மறுபடி வாங்கலாம்.

படி 8: பராமரிப்பு

செயின் பிளாக்கின் சுமைச் சங்கிலிக்கு எண்ணெய் தேவை. பிரேக் தகடுகளில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அவை உலர்ந்த உராய்வில்தான் பிடிக்கின்றன. துரு ஏறிய பிளாக் என்று மொத்தமாக டீசலில் முக்கி எடுப்பவர்கள் பிடிமானத்தைக் கழுவி விடுகிறார்கள். சங்கிலியில் முறுக்கு இருந்தால் அவிழ்க்காமல் தூக்காதீர்கள்.

ஜாக்கிக்கு ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே. அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும். பம்ப் அடிக்கும்போது பஞ்சு போல இருந்தால் உள்ளே காற்று நுழைந்திருக்கிறது. வால்வைத் திறந்து வைத்துச் சில முறை அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். நிறுத்தி வைத்த எடை தானாக இறங்கினால் சீல் மாற்ற வேண்டும்.

பெல்ட்டை வெயிலில் தொங்கவிடாதீர்கள், சூரிய ஒளி இழையைத் தின்றுவிடும். வெட்டு விழுந்தாலோ, தையல் பிரிந்தாலோ, எடை எழுதிய லேபிள் கிழிந்து படிக்க முடியாமல் போனாலோ அது பளு தூக்கும் பெல்ட் இல்லை. நடுவில் இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்துவார்.